ரோமானிய மாகாணக் கட்டடம் எந்த அடிக்கோலால் அளக்கப்பட்டது? கண்டறியும் வழி

ரோமானியப் பேரரசின் ஏதோ ஒரு மாகாணத்தில் நின்ற கோயிலின் தரைப்படம் உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீளமும் அகலமும் மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். கட்டியவர்களுக்கு மீட்டர் தெரியாது. அவர்கள் ஒரு கோலை வைத்து அளந்து, முளை அடித்து, கயிறு கட்டி, அதன்படி கடைக்கால் தோண்டினார்கள். அந்தக் கோலின் நீளம் தெரிந்துவிட்டால், 26.62 மீட்டர் என்று பொருளில்லாமல் நிற்கும் எண் '90 அடி' ஆகிவிடும். வடிவமைத்தவர் மனதில் வைத்திருந்த கணக்கு அங்கே தெரியத் தொடங்கும்.

இந்தத் துறைக்குள் புதிதாக வருபவர்களில் பலரும் ரோமானிய அடி 29.6 செ.மீ. என்று படித்துவிட்டு, கண்ணில் படும் அளவையெல்லாம் அதால் வகுக்கத் தொடங்குகிறார்கள். ரோம் நகருக்குள் அது பெரும்பாலும் சரியாக வரும். மாகாணங்களில் அப்படி நம்பி இறங்கக் கூடாது. பேரரசு ஒன்றாக இருந்தாலும், வட்டாரங்கள் தங்கள் பழைய கோல்களை விட்டுவிடவில்லை. எந்தக் கோல் என்பதைக் கட்டடமே சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். கீழே சொல்லும் வழிமுறை முழுக்க அந்தப் பொறுமைக்காகத்தான்.

முதலில், ரோமின் சொந்த அடி

ரோமின் அதிகாரபூர்வ அடிக்குப் பெயர் 'பெஸ் மொனெட்டாலிஸ்'. தலைநகரின் காப்பிடோல் குன்றில் இருந்த ஜூனோ மொனேட்டா கோயிலில் மூல அளவு வைக்கப்பட்டிருந்ததால் வந்த பெயர். நீளம் சுமார் 29.57 செ.மீ. அதை இரண்டு விதமாகப் பிரித்தார்கள்: 16 விரற்கடை, அல்லது 12 உன்கியா. ஒரு விரற்கடை 1.85 செ.மீ., ஒரு உன்கியா 2.46 செ.மீ. நான்கு விரல் சேர்ந்தது ஒரு பால்முஸ். நான்கு பால்முஸ் ஓர் அடி. ஒன்றரை அடி, அதாவது 24 விரற்கடை, ஒரு முழம். அருங்காட்சியகங்களில் நடுவில் கீல் வைத்து மடக்கும் வெண்கல அடிக்கோல்கள் இருக்கின்றன. சிலவற்றில் ஒரு விளிம்பில் விரற்கடைப் பிரிவும் இன்னொரு விளிம்பில் உன்கியாப் பிரிவும் புள்ளி வைத்துக் குறிக்கப்பட்டிருக்கும். எங்காவது வாய்ப்புக் கிடைத்தால் அவற்றை அருகில் நின்று பாருங்கள். தச்சரும் கல்தச்சரும் இடுப்பில் செருகிக்கொண்டு போன பொருள் அது.

அடிக்கு மேலே போனால் ஐந்து அடி ஒரு பாஸுஸ், பத்து அடி ஒரு பெர்ட்டிகா (அளவைக் கழி), 120 அடி ஒரு ஆக்டுஸ். ஆயிரம் பாஸுஸ் ஒரு மைல். சுமார் 1,480 மீட்டர். நிலப்பரப்புக்கு, 240க்கு 120 அடி கொண்ட 'யூகெரும்' என்ற அலகு. கட்டடத்துக்கு இவையெல்லாம் தேவையா என்று தோன்றலாம். நகர அமைப்புக்குள் நுழையும்போது தேவைப்படும். இன்றைய அல்ஜீரியாவில், கி.பி. 100இல் பேரரசர் ட்ராஜன் காலத்தில் படைவீரர் குடியிருப்பாகத் தொடங்கிய திம்காத்தின் மூலச் சதுரம் ஏறக்குறைய 355 மீட்டர் பக்கம் கொண்டது. 29.57ஆல் வகுத்தால் 1,200 அடி, அதாவது பத்து ஆக்டுஸ். நில அளவைக்காரரின் அலகு நகரத்தின் எல்லையையே தீர்மானித்திருக்கிறது. பிரான்ஸின் ஒரான்ஜ் நகரில் கிடைத்த பளிங்கு நிலப்பதிவு காட்டும் நிலத்துண்டுகளுக்கு அடிப்படை 20க்கு 20 ஆக்டுஸ். பக்கத்துக்கு 710 மீட்டர்.

மாகாணங்களின் அடிகள்

ட்ராஜன் காலத்தை ஒட்டி எழுதிய ஹைஜினஸ் என்ற நில அளவைக்காரர் இரண்டு முக்கியமான செய்திகளை விட்டுச் சென்றிருக்கிறார். ஜெர்மானியாவில், துங்ரி மக்களிடையே (இன்றைய பெல்ஜியத்தின் டோங்கரன் பகுதி) புழங்கியது த்ருசியான அடி. அது ரோமின் அடியைவிட ஒன்றரை உன்கியா நீளம். அதாவது 18 விரற்கடை, சுமார் 33.27 செ.மீ. வட ஆப்பிரிக்காவின் சைரீனில், எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்களின் பழைய அரச நிலங்களில் புழங்கியது தாலமி அடி. அது அரை உன்கியா நீளம், சுமார் 30.8 செ.மீ. ஒரே பேரரசில் வேலை பார்த்த அதிகாரி 'இங்கே இந்த அடி, அங்கே அந்த அடி' என்று எழுதிவைத்திருக்கிறார் என்பதைவிட நல்ல சான்று நமக்கு வேண்டாம்.

கிழக்கு மாகாணங்களில் இன்னும் பல அளவுகள் உண்டு. சிறிய ஆசியாவில் (இன்றைய துருக்கி) பெர்கமோனின் அரச மரபோடு இணைத்துப் பேசப்படும் ஃபிலெட்டேரிய அடி, அலெக்ஸாண்ட்ரியாவின் கணித அறிஞர் ஹீரோனின் பெயரில் வழங்கும் அளவைப் பட்டியல்களின்படி இத்தாலிய அடியோடு 6க்கு 5 என்ற விகிதத்தில் இருந்தது. கிரேக்கப் பகுதிகளில் ஏறக்குறைய 32.7 செ.மீ. கொண்ட டோரிக் அடி. எகிப்தில் 52.5 செ.மீ. கொண்ட அரச முழம். 'கால்' (Gaul, பெரும்பாலும் இன்றைய பிரான்ஸ்) பகுதியில் சாலைத் தூரத்துக்கு மைலுக்குப் பதில் 1,500 பாஸுஸ் கொண்ட லெயூகா வழங்கியது. அங்குள்ள மைல்கற்களிலேயே அந்தக் கணக்கு பொறிக்கப்பட்டிருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது லிபியாவின் லெப்டிஸ் மாக்னா. அங்கே கி.மு. 8இல் அன்னோபால் ரூஃபுஸ் என்ற உள்ளூர்ச் செல்வர் கட்டிக் கொடுத்த சந்தையில் ஒரு கல் கிடைத்தது. அதில் மூன்று நீளங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன: ரோமானிய அடி, பியூனிக் (கார்த்தேஜ்) முழம், தாலமி முழம். இரண்டு முழமும் அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டியவை. ஒன்றுக்கொன்று வித்தியாசம் விரல் அகலத்துக்கும் குறைவு. துணி வாங்குபவரும் விற்பவரும் தகராறு இல்லாமல் ஒப்பிட்டுக்கொள்ளச் சந்தையில் வைத்த கல் அது. கார்த்தேஜ் மரபு, எகிப்திய மரபு, ரோமானிய ஆட்சி மூன்றும் ஒரே கல்லில் சமமாக உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஊரில் ஒரு கொத்தனார் எந்தக் கோலை எடுத்திருப்பார் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. ஆகவே வகுக்கத் தொடங்கும் முன், உங்கள் கட்டடம் இருக்கும் வட்டாரத்தில் எந்தெந்த அலகுகள் புழங்கியிருக்க வாய்ப்புண்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று அல்லது நான்குக்குள் நிறுத்துங்கள். பட்டியல் நீண்டால் வரும் ஆபத்தைப் பிறகு சொல்கிறேன்.

எதை அளப்பது, எங்கே அளப்பது

முடிவின் தரம் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அளந்தவர் எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோடு வரை அளந்தார் என்பது தெரியாத எண்ணை ஒதுக்கிவையுங்கள்.

சுவரின் வெளிமுகத்திலிருந்து வெளிமுகம், உள்முகத்திலிருந்து உள்முகம், சுவரின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு: ஒரே அறைக்கு மூன்று அளவு வரும். வடிவமைத்தவர் எண் வைத்தது இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குத்தான். தூண்வரிசை என்றால் நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளி வரையான தூரத்தையே முதலில் பாருங்கள். சுவர்ப்பூச்சு இருந்தால் அதன் தடிப்பைக் கழியுங்கள். தடிப்பான பூச்சு அறையின் உள்ளளவை எளிதில் பல செ.மீ. குறைத்துவிடும்.

பிரான்ஸின் நீம் நகரில் நிற்கும் மேசோன் கர்ரே கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கையேடுகளில் பொதுவாகக் காணும் அளவு 26.42க்கு 13.54 மீட்டர். பெஸ் மொனெட்டாலிஸால் வகுத்தால் 89.3, 45.8. த்ருசியான அடியால் 79.4, 40.7. எதுவும் முழு எண்ணாக அமையவில்லை. இதைப் பார்த்து, கட்டியவர்கள் கவனமில்லாதவர்கள் என்றோ, புதிதாக ஓர் அடி கண்டுபிடித்துவிட்டோம் என்றோ முடிவு கட்டாதீர்கள். ரோமானியக் கோயிலின் மேடைக்குக் கீழே ஒரு விளிம்புக் கட்டு, மேலே ஒரு விளிம்புக் கட்டு, நடுவில் உள்வாங்கிய முகம், அதற்கும் மேலே தூண்களின் அடிப்பீடங்கள், தூண் அச்சுகள் என்று அடுக்கடுக்காக அளவுக் கோடுகள் உண்டு. கையேட்டின் இரண்டு எண்கள் இவற்றில் எதைச் சொல்கின்றன என்று தெரியாமல் அலகைப் பற்றிப் பேசவே முடியாது. அளவு ஒவ்வொன்றும் எங்கே எடுக்கப்பட்டது என்று அகழாய்வு அறிக்கையின் வரைபடத்தில் தேடுங்கள்.

அடித்தளமும் மேற்சுவரும் ஒரே கதையைச் சொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். பிரிட்டனில் கி.பி. 122இல் தொடங்கிய ஹேட்ரியன் சுவர் பத்து அடி அகலத்துக்குத் திட்டமிடப்பட்டது. பல இடங்களில் அந்த அகல அடித்தளத்தை முன்கூட்டியே போட்டுவிட்டார்கள். பிறகு திட்டம் மாறி, அதன் மேல் ஒடுக்கமான சுவர் எழுந்தது. சுவரை மட்டும் அளந்தவருக்கு முதல் திட்டம் தெரியவே தெரியாது. பழகுவதற்கு நல்ல இடமும் இதுதான்: மைலுக்கு ஒரு சிறு கோட்டை, இரண்டு கோட்டைகளுக்கு இடையே இரண்டு காவல் கோபுரங்கள் என்ற ஒழுங்கு இருப்பதால், மைலும் அதன் மூன்றில் ஒரு பங்கும் வரைபடத்திலேயே தெரியும். நில அமைப்புக்கு ஏற்ப எங்கே விட்டுக்கொடுத்தார்கள் என்பதும் தெரியும்.

செங்கல்லை அளந்து அலகைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். பெயர்கள் ஆசை காட்டும்: பிபெடாலிஸ் இரண்டு அடி, செஸ்குவிபெடாலிஸ் ஒன்றரை அடி, பெஸ்ஸாலிஸ் அடியில் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும்; எவ்வளவு சுருங்கும் என்பது மண்ணையும் சூட்டையும் பொறுத்தது. செங்கல்லின் அளவு அச்சுச் சட்டத்தைப் பற்றிச் சொல்லலாம், கட்டடத்தின் கோலைப் பற்றிச் சொல்லாது.

கல் தூண்களின் தண்டுகள் வேறு விதம். எகிப்தின் மோன்ஸ் கிளாடியானுஸ் போன்ற அரசுக் குவாரிகளில் தண்டுகளை அடிக் கணக்கில்தான் வெட்டினார்கள். ஹேட்ரியன் காலத்துப் பாபிரஸ் கடிதம் ஒன்று ஐம்பது அடித் தூண் ஒன்றை அனுப்புவதைப் பற்றிப் பேசுகிறது. பேரரசுக் காலத்துக் கொரிந்தியத் தூண்களில் தண்டுக்கும் முழுத் தூணுக்கும் 5க்கு 6 என்ற விகிதம் அடிக்கடி வருகிறது: 20 அடித் தண்டு, 24 அடித் தூண், 40க்கு 48. ஆகவே தொலைவிலிருந்து வந்த ஒற்றைக்கல் தண்டு பெஸ் மொனெட்டாலிஸிலும், அது நிற்கும் தரைப்படம் வட்டார அடியிலும் இருக்கலாம். இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்காமல் தனித்தனியாகச் சோதியுங்கள்.

வகுத்துப் பார்க்கும்போது

இப்போது எண்களுக்கு வருவோம். ஒவ்வோர் அளவுக்கும் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று முதலில் எழுதுங்கள்: இடிந்த விளிம்புக்கு மூன்று செ.மீ., நன்றாக நிற்கும் கல்லுக்கு ஒரு செ.மீ. என்பதுபோல. பிறகு நீளமான அளவுகளிலிருந்து தொடங்கி வகுங்கள். இரண்டு செ.மீ. பிழை 30 மீட்டரில் பெரிதாகத் தெரியாது. ஒன்றரை மீட்டர்க் கதவில் அது முடிவையே மாற்றிவிடும்.

விரற்கடை வரை இறங்கிப் பொருத்தம் தேடாதீர்கள். விரற்கடை 1.85 செ.மீ. என்பதால், உலகத்தில் உள்ள எந்த நீளமும் ஏதாவது ஒரு விரற்கடை எண்ணுக்கு ஒரு செ.மீ.க்குள் வந்துவிடும். உங்கள் மேசைக்கும் அது பொருந்தும். இரண்டு செ.மீ. பிழைக்கு இடம் கொடுத்து, அரை அடி மடங்குகளை ஏற்றுக்கொண்டால்கூட, தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு நூற்றுக்கு 27. அதே சோதனையை நான்கு வெவ்வேறு அடிகளால் செய்து பார்த்தால், ஏதாவது ஒன்றிலாவது பொருந்தும் வாய்ப்பு ஏறக்குறைய பத்துக்கு ஏழு. பட்டியல் நீளக் கூடாது என்று முன்பு சொன்னது இதனால்தான். ஓர் அளவு பொருந்துவதற்கு மதிப்பில்லை. பெரிய, முக்கியமான அளவுகள் பலவும் ஒரே அலகில் 10, 20, 50, 60 போன்ற எண்களாகச் சேர்ந்து வர வேண்டும்.

9க்கு 8 என்ற பொறி

த்ருசியான அடி, ரோமானிய அடியின் ஒன்பதில் எட்டுப் பங்கில்லை, எட்டில் ஒன்பது பங்கு. ஆகவே 9 ரோமானிய அடியும் 8 த்ருசியான அடியும் சரியாக ஒரே நீளம்: 2.66 மீட்டர். தொடக்கத்தில் சொன்ன 26.62 மீட்டரை நினைத்துப் பாருங்கள். அது 90 ரோமானிய அடி; அதே நேரம் 80 த்ருசியான அடியும்கூட. இரண்டும் அழகான எண்கள். அந்த ஒரு நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வழியே இல்லை. 6.65 மீட்டர் அறை 20 த்ருசியான அடி, அல்லது 22½ ரோமானிய அடி. இங்கே முதல் விடை கொஞ்சம் நம்பத்தக்கதாகத் தெரிகிறது, அவ்வளவே.

பிரித்தறிய உதவுவது, ரோமானிய அடிக் கணக்கில் ஒன்பதாலோ த்ருசியான அடிக் கணக்கில் எட்டாலோ வகுபடாத நீளங்கள். 33.27 மீட்டர் கிடைத்தால் அது 100 த்ருசியான அடி; ரோமானியக் கணக்கில் 112½. 29.57 மீட்டர் கிடைத்தால் 100 ரோமானிய அடி. த்ருசியானக் கணக்கில் 88.9. இப்படிப்பட்ட அளவுகளைத் தேடிப் பிடித்து, அவற்றை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்திலும் இதே சிக்கல் உண்டு: 9 அரச முழம் 4.725 மீட்டர், 16 ரோமானிய அடி 4.73 மீட்டர்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று இருக்கிறது. மூன்று த்ருசியான அடி 99.8 செ.மீ.; ஏறக்குறைய ஒரு மீட்டர். பழைய அறிக்கைகளில் '12 மீட்டர்', '7.5 மீட்டர்' என்று அளவுகளை முழுமையாக்கி எழுதியிருப்பார்கள். அந்த எண்களை வகுத்தால் த்ருசியான அடி பளிச்சென்று வெளிவரும்: 36, 22½. நீங்கள் கண்டுபிடித்தது ரோமானியக் கோலை இல்லை, அறிக்கை எழுதியவரின் மீட்டரை. வடமேற்கு மாகாணங்களில் வேலை செய்பவர்கள் இதை முதலிலேயே சரிபார்க்க வேண்டும். செ.மீ. வரை எழுதப்படாத அளவு எதையும் த்ருசியான அடிக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

கணக்கைச் சோதனைக்கு உட்படுத்துவது

அளவுகள் இருபதுக்கு மேல் கிடைத்தால் ஒரு நல்ல கருவி இருக்கிறது. புள்ளியியலாளர் டி. ஜி. கெண்டல் 1974இல் முன்வைத்தது. பிரிட்டனின் பெருங்கல் வட்டங்களுக்குப் பொது அலகு உண்டா என்று பார்க்கப் பயன்பட்டது. விரிதாளிலேயே செய்யலாம். ஒரு சோதனை அலகை எடுங்கள், 29 செ.மீ. என்று வையுங்கள். ஒவ்வோர் அளவையும் அதால் வகுத்து, வரும் விடையை 2πஆல் (π என்பது 3.1416) பெருக்கி, கோசைன் எடுங்கள். முழு மடங்காக இருந்தால் 1 வரும். சரியாகப் பாதியில் நின்றால் கழித்தல் 1 வரும். எல்லாவற்றையும் கூட்டி, இரண்டை அளவுகளின் எண்ணிக்கையால் வகுத்ததன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். பிறகு அலகைக் கால் மி.மீ. கால் மி.மீ.யாக நகர்த்தி 25 முதல் 56 செ.மீ. வரை இதையே திரும்பச் செய்து, வரைபடமாகப் போடுங்கள். எங்கே உயரமான முகடு எழுகிறதோ, அந்த அலகுக்குத் தரவில் ஆதரவு இருக்கிறது.

இந்த முறையின் பெரிய நன்மை, எந்த அடி வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை. ஆனால் முகடு எழுந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதே எண்ணிக்கையில், அதே நீள வரம்புக்குள், கணினியைத் தற்செயல் எண்களை உருவாக்கச் சொல்லி ஆயிரம் முறை ஓட்டுங்கள். வெறும் தற்செயலில் எவ்வளவு உயர முகடு வருகிறது என்று அப்போது தெரியும். உங்கள் முகடு அதைத் தெளிவாகத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை என்றால், அலகு தெரியவில்லை என்று எழுதுவதே சரியான முடிவு.

எண்களுக்கு வெளியேயும் சாட்சி தேடுங்கள். சில இடங்களில் கட்டியவர்களின் வரைபடமே கல்லில் கீறப்பட்டுக் கிடக்கிறது. லெபனானின் பால்பெக்கில், ட்ரிலித்தான் என்ற மூன்று மாபெரும் கற்களின் மேற்பரப்பில் ஜூப்பிட்டர் கோயிலின் முகப்பு முக்கோணம் முழு அளவில் கீறப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மழையும் காலமும் தேய்த்த சுவரைவிட இப்படிப்பட்ட கோடு வடிவமைப்புக்கு நெருக்கமான சாட்சி. தரையில் கீறிய அச்சுக்கோடு, கல்லில் விட்ட கொத்தரின் குறி, அருகில் கிடைத்த கோல் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வடிவமைப்பில் எல்லாமே முழு அடியாக வராது என்பதற்கும் தயாராக இருங்கள். சதுரத்தின் மூலைவிட்டத்தைக் கயிற்றால் பிடித்து நீளத்தைத் தீர்மானித்திருந்தால், அகலம் 50 அடியாகவும் நீளம் 70.7 அடியாகவும் வரும். ரோமானியக் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியஸே முற்றத்து மண்டபத்துக்குச் சொல்லும் மூன்று விகிதங்களில் ஒன்று இந்த மூலைவிட்ட விகிதம்தான். பொருந்தாத எண் வந்தால் அதை 1.414ஆல் வகுத்துப் பாருங்கள்.

எழுதி வைக்கும்போது

முடிவை எழுதும்போது அலகோடு அதன் பிழை வரம்பையும் சேர்த்து எழுதுங்கள்: '33.2 செ.மீ., கூடக்குறைய 0.3' என்பதுபோல. அந்த வரம்புக்குள் எந்தெந்த அறியப்பட்ட அடிகள் வருகின்றன என்று சொல்லுங்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டில் த்ருசியான அடி உள்ளே வருகிறது, 32.7 கொண்ட டோரிக் அடி சற்றே வெளியே நிற்கிறது. 0.3க்குப் பதில் 0.6 என்று இருந்திருந்தால் இரண்டையும் பிரிக்க முடிந்திருக்காது. பயன்படுத்திய அளவுகள் எல்லாவற்றையும் செ.மீ.யில், எங்கிருந்து எங்கே அளந்தது என்ற குறிப்போடு அட்டவணையாகக் கொடுங்கள். பொருந்தாத அளவுகளும் அதே அட்டவணையில் இருக்க வேண்டும். அடுத்து வருபவர் வேறு ஓர் அடியை வைத்துச் சோதிக்க அவைதான் முதலில் தேவைப்படும்.